விறகும் வேர்க்கும்

மார்கழி வந்தால் தபால் பையே ஜில்லென்று இருக்கிறது. கோலப் போட்டிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, குளிரில் நிற்பவர்களை முதலில் உள்ளே கூப்பிடுகிறேன்.

*

கே: அண்ணாச்சி, விடியுமுன்னே கோலம் போட வாசலுக்கு வந்தால் பல் கிட்டுகிறது. டொராண்டோவில் இருக்கும் என் கொழுந்தனார் வீடியோ காலில், "இங்க மைனஸ் 20. நீங்க குளிருதுன்னு சொல்லலாமா மதினி?" என்று சிரிக்கிறார். சொல்லலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, குத்துக்கல்வலசை

ப: தாராளமாகச் சொல்லலாம். மைனஸ் 20 அவர் வீட்டு வாசலில்தான். பட்டாசலில் ஹீட்டரைப் போட்டு 20, 21 என்று வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருப்பார். அடுத்த காலில் உற்றுப் பாருங்கள். மார்கழி விடியலில் நம்மூரும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், வீட்டுக்கு உள்ளேயும் சேர்த்து. ஆக, இரண்டு பேரும் ஒரே குளிரில்தான் இருக்கிறீர்கள். அவர் அதற்கு கேஸ் பில் கட்டுகிறார், உங்களுக்கு இலவசம்.

வித்தியாசம் வீட்டில். அங்கே சுவருக்குள் கண்ணாடி இழையை அடைத்து, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுக் கட்டுவார்கள். நம் வீடு சித்திரை வெயிலை நினைத்துக் கட்டியது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே அணில் குடும்பம் நடத்த இடம் விட்டிருக்கிறோம். மார்கழி அந்த வழியாகத்தான் வருகிறது.

*

கே: எனக்கு மார்கழியைவிட ஆனி, ஆடிச் சாரலில்தான் நடுக்கம் அதிகம். உடம்பில் ஏதும் கோளாறா?
– ஒரு வாசகர், இலஞ்சி

ப: உடம்பு சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று நேரே நம் பக்கம்தான் இறங்குகிறது. நனைந்த சட்டையில் அது பட்டால், ஈரம் ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை உங்கள் உடம்பிலிருந்து உருவிக்கொள்ளும். தெர்மாமீட்டர் சட்டை போட்டு நனைவதில்லை. அதற்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் குற்றாலநாதர் கோயிலில் எப்போதோ தெரிந்த விஷயம். அருவிச் சாரலிலேயே குடியிருக்கிற சாமி என்று தினமும் தைல அபிஷேகம். ராத்திரி சுக்கு, மிளகு போட்ட கஷாயம் நைவேத்தியம். அகத்தியர் சாமியின் தலையில் கை வைத்து அழுத்தியதால் வந்த தலைவலிக்குத்தான் தைலம் என்றும் தலபுராணத்தில் ஒரு காரணம் உண்டு. எதுவானாலும் வைத்தியம் சரிதான். நீங்களோ ஈரத்துண்டோடு பஜ்ஜிக்கடை வாசலில் நிற்கிறீர்கள். முதலில் துவட்டுங்கள், பிறகு பஜ்ஜி.

*

கே: புறவாசல் அடுப்புக்கென்று எடை போட்டு விறகு வாங்கினேன். ஊதி ஊதிக் கண் போனதுதான் மிச்சம். கட்டையின் முனையில் நுரை நுரையாகத் தள்ளுகிறது. கேட்டால், "முதல் தரமான வேலமரம் சார்" என்கிறார் கடைக்காரர்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மேலகரம்

ப: மரம் நல்ல மரம்தான், காயத்தான் விடவில்லை. பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். எடைக்கு வாங்கினீர்களே, பாதிக் காசுக்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறீர்கள். அந்த நுரை விறகு வேர்ப்பது. அது வேர்த்து முடிகிறவரை சூடெல்லாம் அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும். மரத்திலிருந்து கிளம்புகிற வாயு பற்றிக்கொள்ளவும் சூடு போதாது. எரியாமல் தப்பித்து வருகிற அந்தச் சரக்குதான் புகை. அதாவது, சார், நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகுதான் உங்கள் கண்ணைக் குத்துகிறது.

ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டும். வந்த அன்றே பிளந்துவிடுங்கள். பட்டை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், பிளந்த முகம்தான் காயும். மண்ணில் போடாமல் இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். நாலு பக்கமும் காற்றாட விடுங்கள். நம்மாட்கள் தார்ப்பாயை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். உள்ளே காளான் நன்றாக வரும். மாசி, பங்குனியில் அடுக்கிச் சித்திரை, வைகாசி வெயிலைக் காட்டிவிட்டால், சின்னப் பிளவெல்லாம் ஐப்பசி மழைக்குள் தயாராகிவிடும். பெரிய கட்டைக்கு இன்னொரு கோடை வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க மெஷின் வேண்டாம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'ணங்' என்னும், ஈரம் 'பொத்' என்னும். முனையில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டோம்; விறகை மட்டும் கடைக்காரர் சொல்லை நம்பி வண்டியில் ஏற்றிவிடுகிறோம். இன்னொன்று: பற்றவைக்க மண்ணெண்ணெய் தேடாதீர்கள். ஆகாத ஆளைப் பன்னாடை என்று திட்டுகிறோம். அடுப்புப் பற்றவைக்க அதை விட்டால் ஆளில்லை.

*

கே: மகன் நார்வேயில் இருக்கிறான். லீவுக்கு வந்தவன் விறகு அடுக்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனான். நான் படிக்க அனுப்பினேனா, விறகு வெட்ட அனுப்பினேனா?
– கவலையுள்ள தகப்பனார், செங்கோட்டை

ப: அந்த ஊரில் இரண்டும் படிப்புதான். விறகு வெட்டுவது, அடுக்குவது, காயவைப்பது பற்றி 2011-ல் லார்ஸ் மிட்டிங் என்பவர் எழுதிய புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதை வைத்து 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி 12 மணி நேர நிகழ்ச்சி நடத்தியது. முதலில் பேச்சு, அப்புறம் விடியவிடிய ஓர் அடுப்பு எரிவதை மட்டும் காட்டினார்கள். நம் சீரியலிலும் வயிறுதான் எரிகிறது, ஆனால் இத்தனை நேரம் தாங்காது. புகார்களும் வந்தன. அடுக்குகிறபோது பட்டை மேலே பார்க்க வேண்டும் என்று பாதிப்பேர், கீழே பார்க்க வேண்டும் என்று பாதிப்பேர். வடகலை, தென்கலை எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

என் தீர்ப்பு: மேலே கூரை இருந்தால் எப்படியும் அடுக்கலாம். இல்லாவிட்டால் பட்டை மேலே இருக்கட்டும், மழைத் தண்ணீர் வழிந்தோடும். மகனைத் திட்டாதீர்கள். அந்நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாது. யாழ்ப்பாண வெயிலில் பிறந்த நம்மவர்கள் அங்கே போய் மீன் ஆலைகளில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். விறகு நனையாமல் பார்த்துக்கொள்வது அங்கே பொழுதுபோக்கு அல்ல.

*

கே: மாமியார் காலத்துச் செம்பு வெந்நீர் பாய்லர் தார்சாவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எடைக்குப் போட்டுவிட்டு கீசர் வாங்கலாம் என்கிறார் இவர்.
– மருமகள், பாவூர்சத்திரம்

ப: 'இவர்' பேச்சை இந்த ஒரு தடவை கேட்காதீர்கள். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு குழாய் மேலிருந்து கீழ்வரை போகும், சுற்றிலும் தண்ணீர். நெருப்பு குழாய்க்குள்ளே, சாம்பல் அடியிலுள்ள சல்லடை வழியாகக் கீழே. தீ எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரைத் தொட்டே ஆக வேண்டும். மூன்று கல்லுக்கு மேலே அண்டாவை வைத்தால் சூட்டில் பெரும்பகுதி ஊருக்குப் போகும். இதில் அந்தத் தர்மமெல்லாம் கிடையாது. நாலு சிரட்டை, ரெண்டு மட்டை, ஒரு கொதும்பு. வீட்டுக்கே குளித்தாயிற்று.

ஒரே நிபந்தனை: தண்ணீர் ஊற்றாமல் பற்றவைத்தால் ஈயப்பற்று உருகி ஒழுக ஆரம்பிக்கும். மாமியார் கத்தியிருப்பார்களே, அது இதற்குத்தான். இடம்தான் பிரச்சினை என்றால் புறவாசலுக்கு மாற்றுங்கள். நெருப்புள்ள எதுவும் திறந்த வெளியில் இருப்பதே நல்லது.

*

கே: பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தது சரியா?
– ஒரு மாணவி, சுரண்டை

ப: மயிலுக்கு இறகே போதும். ஆனால் பழனி மலைப் பக்கத்து அரசருக்குக் குளிரின் அருமை தெரிந்திருக்கிறது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

*

கே: தம்பி ராணுவத்தில், காஷ்மீரில் இருக்கிறான். அங்கே சட்டைக்குள்ளேயே நெருப்புச் சட்டி வைத்துக்கொள்வார்களாமே, நிஜமா?
– ஒரு அக்கா, கடையநல்லூர்

ப: நிஜம். காங்கிரி என்று பெயர். மண் சட்டியில் கரிக்கங்கு. சுற்றிலும் கூடை பின்னியிருக்கும். ஃபெரன் என்கிற தொளதொள அங்கிக்குள் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் அங்கே உச்சக் குளிர். அதற்கு சில்லாய் கலான் என்று தனிப்பெயரே உண்டு. ஆனால் வருஷக்கணக்காக அந்தச் சூடு தொடையிலும் வயிற்றிலும் பட்டுப் பட்டுத் தோல் புற்று வருகிறது. மருத்துவப் புத்தகங்களில் அதற்கே 'காங்கிரி புற்று' என்றுதான் பெயர். வீட்டுக்குள் வைக்கிற புகாரி என்ற இரும்பு அடுப்பு இதைவிட மேல், ஏனென்றால் அதற்குப் புகைபோக்கி உண்டு. தம்பிக்குக் கம்பளிச் சாக்ஸ் அனுப்புங்கள்.

*

கே: நண்பர்கள் எட்டுப் பேர் கொடைக்கானல் போகிறோம். ராத்திரி சிக்கன் சுட்டுவிட்டு அந்தக் கரி அடுப்பையே அறைக்குள் வைத்துக்கொண்டால் ஹீட்டர் செலவு மிச்சம்தானே?
– இளைஞர்கள், குத்துக்கல்வலசை

ப: இதற்கு மட்டும் நக்கல் இல்லாமல் பதில் சொல்கிறேன். வேண்டாம். புகை நின்று கரி செக்கச்செவேல் என்று கனல்கிற நேரம்தான் ஆபத்து. அப்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பிக்கும். தூங்கிவிட்டால் அதுவும் தெரியாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இப்படி அறையைப் பூட்டிக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி குளிர் சீசனில் திரும்பத் திரும்ப வருகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று மறு கடிதம் போட வேண்டாம். போதாது. யாருக்காவது அப்படி மயக்கம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 108-க்குப் போன் போடுங்கள்.

சிக்கனை மைதானத்தில் சுடுங்கள், அடுப்பை அங்கேயே அணைத்துவிட்டு வாருங்கள். விடுதியில் ஆளுக்கு இரண்டு கம்பளி கேளுங்கள், எட்டுப் பேரும் ஒரே ஹாலில் படுங்கள். போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்கள்.