ஆட்டுக்கும் கால்ஷீட்டு

வாங்கடா டைரக்டர்மாரே, திண்ணையில உக்காருங்க. பள்ளிக்கூடத்துப் பயலுகளை வச்சுக் காமெடிப் படம் எடுக்குறீங்களாமே. பள்ளிக்கூடத்தை விட்டு ரெண்டு வருசம் ஆகல, அதுக்குள்ள அது எப்படி இருக்கும்னு மறந்து போச்சாக்கும். ஹீரோவுக்கு வாடகை புல்லட்டு, கூலிங்கிளாஸு, கழுத்துல டை. பேஷ்! டை கட்டின ஆளை நம்ம ஊருல பாலிசி பிடிக்க வந்தப்பதான் நான் பாத்திருக்கேன்.

2009-ல பாண்டிராஜ் 'பசங்க' எடுத்தாரே, நம்ம புதுக்கோட்டைச் சீமையில விராச்சிலையில. அதுல அன்புக்கரசு வண்டி ஓட்டுவான் பாருங்க, வண்டியே கிடையாது! காலால உதைச்சு, வாயால உறுமி, வெறுங்கையை முறுக்கிக்கிட்டே ஓடுவான். பெட்ரோல் செலவு எவ்வளவு? நீங்க விவரமானவுக, புல்லட்டே எடுங்க. மீசை முளைக்காத பய ஓட்டினா லைசென்ஸ் கேட்டு போலீசு வரும், அதையும் சேத்துப் படம் பிடிச்சுரலாம்.

உடுப்பைத்தான் சொல்லணும். கடையில வாங்கின மடிப்புக் கலையாம மாட்டி விட்டிருக்கீங்க, பய ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான். ஊருக்குள்ள நாலு வீட்டுல பழைய பேண்ட்டு கேளுங்கடா. தைக்கும்போதே டைலர் அடியில மடிச்சு விட்டிருப்பாரு. பய வளர வளர ஆத்தாக்காரி பிரிச்சு விட்டிருப்பா. உள்ள இருந்த துணி வெளுக்காம, கணுக்கால்கிட்ட ஒரு கரும்பட்டை ஓடும். அதைக் கிட்டக்க வச்சு ஒரு தடவை காட்டிட்டா, வீட்டு நெலமையை அழுது சொல்ல ஒரு அப்பத்தா வேசம் மிச்சம். சட்டைப்பையில மை கசிஞ்ச வட்டம் இருக்கட்டும், அறுந்த பட்டனுக்கு ஊக்குக் குத்துங்க. புதுச்சட்டைதான் கிடைக்குதுன்னா டீத்தண்ணியில முக்கிக் காயப்போடுங்க. உச்சி வெயில்ல பளீர் வெள்ளை கேமராவுக்கு ஆகாது, சட்டைதான் தெரியும், மூஞ்சி தெரியாது. ரெண்டு செட்டா முக்குங்க, கம்மாயில விழுற சீன் வச்சிருக்கீங்கள்ல! ஷாட்டுக்கு ஷாட்டு செல்லுல ஒரு போட்டோ பிடிச்சு வச்சுக்கங்க. ஊக்கு எந்தப் பட்டனுக்குக் குத்தினோம்னு அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கப்படாது.

படம் பிடிக்க ஊட்டிக்குப் போறீங்களாம். 1981-ல 'பன்னீர் புஷ்பங்கள்' அங்க எடுத்தாகதான், அது ஊட்டிப் பள்ளிக்கூடத்துக் கதை. உங்க பய விழுறதுக்குக் கம்மாயை லாரியில ஏத்திக்கிட்டுப் போவீங்களா? ஹெட்மாஸ்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்து, ஞாயித்துக்கெழமை நம்ம பள்ளிக்கூடத்தையே கேளுங்க. மதியம் தட்டுக் கழுவுற குழாயடியில முதல் சீனை வைங்க, எல்லாச் சண்டையும் அங்கதான ஆரம்பிக்கும். வகுப்புல ஃபேனை அமத்திருங்க, அது கத்துற கத்துல வசனம் ஒண்ணும் கேக்காது.

பரீட்சைப் பேப்பரைத் திங்க ஆடு வேணும்னீங்கள்ல, என் வெள்ளாட்டங்குட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. பேப்பருக்குள்ள அகத்திக்கீரையை மடிச்சு வச்சா ஒரே டேக்குதான். வாடகையெல்லாம் பேரப்பயலுககிட்ட வாங்குவனா? ருசி கண்ட ஆடு அப்புறம் வேற எதையும் தொடாது, ஒரு மாசத்துக்கு அகத்திக்கீரை மட்டும் கொண்டாந்து போட்டுருங்க.