மடியில் கனம்

பாக்கெட் மாமா என்று பெயர் வைத்தது என் மனைவி. அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் இது ஒரு அவசியம். அக்கம்பக்கத்தாரை நிஜப் பெயர் சொல்லிப் பேசினால் வேலிக்கு அந்தப் பக்கம் காது நிமிர்ந்துவிடும். அதனால் எங்கள் தெருவில் ஒரு நாய் மாமி உண்டு, ஒரு புல்வெட்டி உண்டு, நேர் எதிர் வீட்டில் பாக்கெட் மாமா.

டாலஸுக்கு வடக்கே உள்ள இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்த புதிதில், மாமாவின் வலது கை எந்நேரமும் கால்சட்டைப் பைக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்து, பாவம், ஏதோ அரிப்பு போலிருக்கிறது என்று நினைத்தோம். தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பலாமா என்றுகூட வீட்டில் பேச்சு எழுந்தது. நல்ல வேளை, கொடுக்கவில்லை. உள்ளே இருந்தது துப்பாக்கி.

டெக்சாஸில் அது அதிசயமில்லை. சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பியவர் 2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாம். மாமா அதற்கு வெகு முன்பே லைசென்ஸ் எடுத்தவர். இன்னும் விடாமல் புதுப்பித்து வருகிறார். சும்மா கிடைக்கும் உரிமை அவருக்கு ருசிக்காது. எங்கள் பெரியப்பா காட்டுப்பன்றிக்காக ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்ததையும், தேர்தல் அறிவித்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார் என்பதையும் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

“திருப்பிக் கொடுப்பாங்களா?”

“தேர்தல் முடிஞ்சதும் கொடுப்பாங்க.”

“அதுவரைக்கும் அவர் என்ன பண்ணுவார்?”

“ஓட்டுப் போடுவார்.”

(ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாம் ஒன்றுதான். மரியாதை நான் சேர்த்தது. மனிதருக்கு 64 வயது.)

அதிசயம் என்னவென்றால், மாமாவிடம் ஆறு பாக்கெட் துப்பாக்கிகள் இருக்கின்றன, ஆனால் அவர் இன்னும் பாக்கெட் துப்பாக்கி தேடிக்கொண்டிருக்கிறார். வரன் பார்ப்பது போலத்தான். ஒன்று குள்ளம், ஒன்றுக்கு உடம்பு அதிகம், ஒன்றுக்குக் குரல் பெரிது. எதையும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வதுமில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அவர் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. பையில் அடங்க வேண்டுமென்றால் துப்பாக்கி சின்னதாக, லேசாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பிடி நிற்காது, தோட்டா குறைவு, சுடும்போது உதைக்கும். பிடியும் தோட்டாவும் திருப்தியாக வேண்டுமென்றால் கனம் ஏறும், கால்சட்டை இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மாமாவின் ஓய்வுக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வாங்கியது நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் செய்யும் .22 மினி ரிவால்வர். ஐந்து தோட்டா பிடிக்கும், 150 கிராம்கூடத் தேறாது. குழந்தையின் கொலுசுப் பெட்டியில் வைக்கலாம். மாமாவின் விரல்களோ ஒவ்வொன்றும் ஒரு நேந்திரங்காய். அதைக் கையில் எடுத்தால் துப்பாக்கி காணாமல் போய் வெறும் கைதான் தெரியும். திருடன் எதைப் பார்த்துப் பயப்படுவான் என்பது மாமாவின் கவலை. அடுத்து வந்தது ரூகர் எல்சிபி. 2008இல் கடைக்கு வந்த சரக்கு, .380 தோட்டா, 270 கிராமுக்குள். பையில் போட்டால் பர்ஸ் மாதிரி படிந்து கிடக்கும். ஆறு மாதம் சந்தோஷமாக இருந்தார். அப்புறம் யாரோ ‘.380 போதுமா?’ என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வியோடு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 வந்தது. .38 ரிவால்வர். சுத்தியல் உள்ளே மூடியிருப்பதால் பையிலிருந்து இழுக்கும்போது துணியில் மாட்டாது. அது 400 கிராமுக்குச் சற்று மேல். கனம் என்று தோன்றியதும் ஸ்கேண்டியம் கலந்த உலோகத்தில் செய்த 340பிடி. முன்னூற்றுச் சொச்சம் கிராம்தான், ஆனால் .357 மேக்னம் சுடும்.

அதைச் சோதிக்க ரேஞ்சுக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். முதல் தோட்டா வெடித்ததும் மாமா துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்கு அடியில் சதை சிவந்து, பிடியின் சொரசொரப்பு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. துப்பாக்கி லேசாக ஆக, உதை அத்தனையும் கைக்கே வந்துசேரும். “மோசமில்லை” என்றார். இரண்டாவது சுட்டார். மூன்றாவது சுட்டபின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதி இரண்டு தோட்டாவையும் வெளியே எடுத்து, இதெல்லாம் நிதானமாகப் பழக வேண்டிய சமாசாரம் என்றார். திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். சுமக்கச் சுகம், சுடச் சோகம்.

ஐந்தாவதாக வந்த சிக் பி365 பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2018இல் வந்தது, 9 மி.மீ., மேகசினில் 10 தோட்டா, கனம் அரைக் கிலோ. இடுப்புக்குப் பிறந்து பாக்கெட்டுக்கு வாழ்க்கைப்பட்டது. ஆறாவதை மாமிக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறார், ஆகையால் நானும் எழுதவில்லை.

மாமாவைக் கடைக்காரர்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள், ஏனென்றால் அவர் கையில் இரண்டு கால்சட்டைகள் தொங்கும். போட்டிருப்பது மூன்றாவது. துப்பாக்கி வாங்கப் போகிறவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், இஸ்திரி கடைக்குப் போகிறவர் என்பார்கள். அதற்கு முன்பே, அளவு பார்த்து அட்டையில் அந்தத் துப்பாக்கியின் உருவத்தை வெட்டி, ஒரு வாரம் பைக்குள் போட்டு நடந்து பார்த்திருப்பார். உட்கார்ந்தால் குத்துகிறதா, குனிந்தால் எட்டிப் பார்க்கிறதா, கார் சாவி எடுக்கும் கை வழி மாறுகிறதா. ஒரு மழை நாளில் அட்டைத் துப்பாக்கி ஊறிக் கூழாகிப் பையோடு ஒட்டிக்கொண்டது. மாமி அதை வாஷிங் மெஷினில் வேறு போட்டுவிட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் துப்பாக்கியைப் பைக்குள் போடுகிற ஆளில்லை அவர். விசை முழுக்க மறைகிற மாதிரி ஒரு பை உறை, அந்த உறை தவிர அந்தப் பையில் வேறு ஒரு குண்டூசிகூடக் கிடையாது. சாவியோ சில்லறையோ உள்ளே போய் விசையில் சிக்கினால் தொடை போய்விடும். சரியான நியமம்தான். அதன் பலனாக, சாவி, சில்லறை, பர்ஸ், போன், கைக்குட்டை, மூக்குக்கண்ணாடிக் கூடு அத்தனையும் இடது பைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மாமா இடது பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். பார்க்கிறவர்கள் துப்பாக்கி இடது பக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் ஒரு தந்திரம் என்கிறார்.

வெளியே கிளம்புமுன் மாமி முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றுவார்.

“தெரியுதா?”

மாமி குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல், “தெரியலை.”

“இந்தப் பக்கம்?”

“தெரியலை.”

துணிக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் தெரிந்தால் ‘பிரிண்ட் ஆகுது’ என்பார்கள். பிரிண்ட் ஆகவே கூடாது. ஆனால் வாசல் தாண்டிப் பத்தடி வைப்பதற்குள் மாமாவின் கை பையைத் தட்டிப் பார்க்கும். எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிடும். சந்தையில் மாடு விற்ற பணத்தைப் பட்டாப்பட்டி டிராயர் பையில் போட்டு, மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. பத்தடிக்கு ஒரு தரம் தொடையைத் தட்டிக்கொண்டே வருவார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் மாடு எவ்வளவுக்குப் போனது என்று விசாரிப்பார்கள்.

‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை’ என்ற பழமொழியை மாமாவுக்கு விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். “தலைகீழா இருக்கே” என்றார். “கனம் இல்லைன்னாத்தானே பயப்படணும்?” அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் 35 வருஷம் நஷ்டக் கணக்குப் பார்த்தவர். காலையில் ஆபீஸ் போனால் இடி விழுந்த வீடு, மான் மோதிய கார், ஏணி சறுக்கிய ஆசாமி என்றுதான் காகிதம் வரும். ஒன்றும் ஆகாத வீட்டிலிருந்து ஒரு காகிதமும் வந்ததில்லை. உலகத்தில் ‘ஒருவேளை’ என்ற ஒரு சொல்தான் அவருக்கு மிச்சம். எங்கள் தெருவில் நான் அறிந்து நடந்த ஒரே குற்றம், ஹாலோவீனுக்கு வாசலில் வைத்த பூசணிக்காய் களவு போனது. அப்போது மாமா பல் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். மாமி ஃபிரிட்ஜைத் திறந்தபோது உள்ளே ஒரு தட்டம் முழுக்க, தேன் நிறத்தில், மறுபக்கம் தெரியும்படி ஒரு பெரிய கட்டி. தொட்டால் துள்ளும் போலிருந்தது. கடல்பாசி இனிப்பு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். என் பையன் அதற்காகப் பாதி வயிற்றோடு நிறுத்திக்கொண்டான். கடைசியில்தான் தெரிந்தது, அது சுடுவதற்கு. நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின், 4 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும், முன்னால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி கட்டிச் சுட வேண்டும். தோட்டா 12 அங்குலமாவது உள்ளே போக வேண்டும், 18ஐத் தாண்டக் கூடாது என்பது எஃப்பிஐயின் கணக்கு. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தங்கள் ஆட்கள் இருவரைப் பறிகொடுத்த பிறகுதான் அவர்கள் இந்த ஆராய்ச்சியில் தீவிரமாக இறங்கினார்கள். மாமா இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போது மாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “எந்த ஜீன்ஸ்?”

அடுத்த வாரம் முடிவைச் சொன்னார். ஒரு தோட்டா நன்றாக விரிந்ததாம், ஆழம் போகவில்லை. இன்னொன்று ஆழம் போனதாம், விரியவில்லை. குட்டைக் குழலிலிருந்து கிளம்பும் .380க்கு இது பெரும்பாலும் நேர்வதுதான், வேகம் போதாது. மாமா நிஜமாகவே வருத்தப்பட்டார். என் பையன் ஆறுதல் சொன்னான்: “ஜெல்லி வந்து அடிச்சா நீங்கதான் ஜெயிப்பீங்க.”

மாமாவுக்குக் குலதெய்வம் ஒருவர் உண்டு. ஜெஃப்ரி பூத்ராய்டு. துப்பாக்கி விஷயம் தெரிந்த ஒரு வாசகர். 1956இல் இயன் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஜேம்ஸ் பாண்ட் வைத்திருக்கும் .25 பெரெட்டா பெண்பிள்ளைகள் வைத்துக்கொள்கிற சாமான், ஆளை மாற்றாவிட்டாலும் துப்பாக்கியை மாற்றுங்கள் என்கிற தோரணையில் புத்தி சொன்னார். அவர் சிபாரிசு செய்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சென்டெனியல் ஏர்வெயிட், அதாவது மாமாவின் 642க்குத் தாத்தா முறை. ஃபிளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை. 1958இல் வந்த ‘டாக்டர் நோ’வில் பாண்டின் பெரெட்டா பிடுங்கப்பட்டு, வால்தர் பிபிகேவும் அந்த ரிவால்வரும் கொடுக்கப்படுகின்றன. கொடுக்கிற ஆயுத நிபுணருக்கு மேஜர் பூத்ராய்டு என்றே பெயர். முன்பின் தெரியாத ஒருவனின் பாக்கெட்டைப் பற்றிக் கவலைப்பட்டு, அதுவும் இல்லாத ஒருவனின் பாக்கெட்டைப் பற்றிக் கவலைப்பட்டு, ஒரு மனிதர் கடிதம் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மாமாவுக்குக் குரல் தழுதழுக்கும்.

லிங்கன் கதையிலும் அவர் பார்வை தனி. 1865இல் ஜான் வில்க்ஸ் பூத் கையில் இருந்தது பிலடெல்ஃபியாக்காரர் ஹென்றி டெரிஞ்சர் செய்த பாக்கெட் பிஸ்டல். அது பிரபலமானதும் ஆளாளுக்குப் பெயரில் ஒரு ‘ஆர்’ எழுத்தைக் கூடச் சேர்த்துப் போலிகளை இறக்கினார்கள், ஒவ்வொரு கடையும் ஒரிஜினல் என்று போர்டு மாட்டுகிற நம்மூர் அல்வாக் கடைகள் மாதிரி. நான் நாட்டுக்கு நேர்ந்த கதியை நினைத்து ‘த்சொ’ கொட்டினேன். மாமாவும் தலையை ஆட்டினார். “ஒரே தோட்டா. அடுத்தவர் பிடிக்க வந்ததும் கத்தியை எடுக்க வேண்டியதாப் போச்சு.”

இத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த துப்பாக்கி பகலில் பாதி நேரம் காரில்தான் இருக்கிறது. டெக்சாஸில் கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கி கூடாது என்று பலகை வைக்கலாம். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஓர் அங்குல உயரம், சட்டப்பிரிவு 30.06. அதே எண்ணில் இங்கே பேர்போன ஒரு ரைஃபிள் தோட்டாவும் இருப்பது சட்டமன்றத்தின் குறும்போ என்னவோ. பாதிக்கு மேல் வருமானம் மதுவில் வரும் இடமென்றால் சிவப்பில் 51 என்று போட்டிருக்கும், அங்கேயும் கூடாது. மாமா வாசலில் நின்று மூக்குக்கண்ணாடி போட்டுப் பலகையைப் படிப்பார், காருக்குத் திரும்புவார், பெட்டியில் பூட்டுவார், மறுபடி வருவார். நாங்கள் அதற்குள் சூப் குடித்து முடித்திருப்போம்.

போன நவம்பரில் டென்வரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் விட்டுவர நான் போனேன். செக்-இன் பெட்டியில் ஒரு துப்பாக்கி உண்டு. தோட்டா நீக்கி, கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் அறிவித்து, சீட்டு எழுதி, எல்லாம் சாங்கோபாங்கமாக நடந்தது. முறைப்படி செய்தால் ஒரு தொல்லையும் இல்லை என்று எனக்குப் பாடமும் எடுத்தார். கைகொடுத்துவிட்டு நான் வந்துவிட்டேன். நெடுஞ்சாலை ஏறுமுன் போன் அடித்தது.

குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றித் தட்டில் வைத்திருக்கிறார். அதன் உள்பையில் எல்சிபி.

2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாசல்களில் இப்படி 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூற்றுக்கு 93 தோட்டா போட்டவை. பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, மறந்துபோச்சு. லைசென்ஸ்காரர் தவறுதலாகக் கொண்டுவந்து, சொன்ன உடனே திரும்பிப் போய்விட்டால் டெக்சாஸ் சட்டம் விட்டுவிடும். மத்திய அரசின் அபராதக் கடிதம் மட்டும் பின்னாலேயே வீடு தேடி வரும். மாமாவின் லைசென்ஸுக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

விமானமும் போய், பெட்டி மட்டும் டென்வருக்குப் போய், மாமா என் பக்கத்து இருக்கையில் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியது.

“காலையிலேர்ந்து என்கிட்டதான் இருந்திருக்கு” என்றார். “இருக்கறதே தெரியலை, பாருங்க.”

வருத்தமா பெருமையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது சிக்னலில் ஜாக்கெட்டைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார், கறிகாய்க் கடையில் பூசணிக் கீற்றை எடை பார்க்கிற மாதிரி.

“கொஞ்சம் கனமா ஒண்ணு பார்க்கணும்.”

கடை வழியில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.