மாதனூருக்கு ஒரு மெல்பர்ன் கடிதம்: வெயிலும் தூக்கமும்

மெல்பர்னின் டிசம்பர் வெயிலை இங்கே வந்த மாதனூர்க்காரர் மதிப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் பாலாற்று மணலைச் செருப்பில்லாமல் தாண்டிய காலுக்கு 22 டிகிரி எல்லாம் ஒரு வெயிலா என்பது அவர் கணக்கு. ஆனால் தோலைப் புண்ணாக்குவது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். படும்போது அது உறைக்காது. குளிர்காற்று வீசும் நாளிலும், மெல்லிய மேகத்தைத் தாண்டியும் வந்து சேரும்.

கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது ஊரிலிருந்தே மூட்டை கட்டி வந்த நம்பிக்கை. மெலனின் ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது. சிவப்பு வெளியே தெரியாது. பிடரியும் மூக்கும் காந்தும், சில நாளில் உரியும். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பக்குவமாகப் பதனிட்டுக் கப்பலேற்றும் வட்டாரத்தின் பிள்ளை, சொந்தத் தோலை மட்டும் பச்சையாகக் காயப்போடுகிறார்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1981 முதலே வெயிலிலிருந்து தோலைக் காக்கப் பிரசாரம் உண்டு: சட்டை போடு, வெயில் தடுப்புக் களிம்பு பூசு, தொப்பி வை. நிழல் தேடுவதும் கறுப்புக் கண்ணாடியும் பிறகு சேர்ந்தவை. பல பள்ளிகளில் தொப்பி கொண்டுவராத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட்டு கிடையாது. வானிலை அறிவிப்பில் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டால் இவையெல்லாம் தேவை. எஸ்பிஎஃப் 50-க்குக் குறையாத களிம்பை வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பே பூச வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். முகம், கழுத்து, காதுக்கு மட்டுமே ஒரு டீஸ்பூன் ஆகும். மாதனூர்க்காரரோ விலையைப் பார்த்துவிட்டு, திருநீறு இடும் அளவுக்கு எடுத்து நெற்றியோடு முடித்துக்கொள்கிறார். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணிக்கு மேல்தான்; கவனம் அப்போதும் தேவை. வெந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரால் ஆற்ற வேண்டும், கொப்புளத்தைக் குத்தக்கூடாது.

ஊரிலிருந்து வந்து இறங்கியவரின் தூக்கக் கதை வேறு. கோடையில் மெல்பர்ன் இந்தியாவைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இங்கே இரவு 11 என்றால் மாதனூரில் மாலை ஐந்தரை, டீக்கடையில் போண்டா வேகும் நேரம். எந்த உடம்பு படுக்கப் போகும்? உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் கிழக்கே பயணம் போனவருக்குத்தான் சிரமம் அதிகம். ஒரு மணி நேர வித்தியாசம் சரியாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.

உடலின் கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம். இறங்கிய மறுநாள் விடியலிலேயே நடைப்பயிற்சி போவது தவறு. உடம்புக்கு அது நடுராத்திரி. அந்த வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளும். முதல் நாள் காலை பத்து மணி வாக்கில் வெளியே போய், பிறகு தினமும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும். கோடையில் அந்தப் பத்து மணிக்குப் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தாண்டியிருக்கும். கண்ணுக்கு வேண்டிய வெயில் தோலுக்கு ஆகாது என்பதால் களிம்பும் தொப்பியும் இங்கேயும் கூடவே வரும். பகலில் அரை மணிக்கு மேல் தூங்கக்கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

இதையெல்லாம் கெடுப்பது வீட்டிலிருந்து வரும் வீடியோ கால்தான். மாதனூரில் சமையல் முடித்து எல்லோரும் உட்காரும் ஏழரை மணிக்கு இங்கே இரவு ஒன்று. எனவே ஊரில் உள்ளவர்கள் தயவுசெய்து மாலை 4 மணிக்குள் கூப்பிடவும். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பின்னே திருப்பிய பிறகு 5 மணி வரை கூப்பிடலாம்.