மாலை போட்ட வீட்டில் தூண்டில்

என் தூண்டில் கம்பை எடுத்து ஒட்டடை அடித்திருக்கிறார்கள். நேற்றுதான். கேட்டதற்கு, "மூலைல சும்மாதான நின்னுச்சு" என்று பதில். சும்மா நின்றதாம்! கார்த்திகை, மார்கழியில் ஒரு தூண்டில் சும்மா நிற்பது யாரால் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

குளிர் நாட்டுத் தூண்டில்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆறு உறைந்துவிட்டது என்றால் கேட்பாரில்லை. இங்கிலாந்தில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றுக் கெண்டைகளைத் தொடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அதற்கு அரசாங்க நிவாரணமும் உண்டு. தென்காசியில் என்னைத் தடை செய்வது மச்சினன். நிவாரணம் கிடையாது. கார்த்திகை முதல் தேதி மாலை போடுவான். மகரஜோதி பார்த்துவிட்டு மலையிறங்கும்வரை வீட்டு வாசலில் மீன் வாடைகூட அடிக்கக் கூடாது. எல்லோரையும் அவன் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறான், என்னையும் சேர்த்து. அதனால் வையவும் முடியவில்லை.

சரி, பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிட்டு வரலாம் என்றால், ஆறு சம்மதிக்க வேண்டும். குற்றாலம் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால், யானைப்பாலத்தில் சிற்றாறு டீக்கடைக் கழுநீர் நிறத்தில் ஓடும். அந்தக் கலங்கலில் எந்தக் கெண்டைக்கு இரை கண்ணில் படும்? 2023 டிசம்பர் மழையைப் பார்த்தவர்கள் மார்கழி ஆற்றோடு விளையாடவும் மாட்டார்கள்.

ஆகவே, இந்த நாட்களில் மீன்பிடி ஆர்வம் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், தக்கையைப் பற்றி ஒரு வார்த்தை.

கடையில் பிளாஸ்டிக் தக்கை வாங்குகிறவர்களோடு நான் அதிகம் பேசுவதில்லை. தக்கை என்றால் மயில்தண்டு. உதிர்ந்த இறகில் கண் இருக்கும் பக்கத்தைப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடும் என்று காத்திருக்கட்டும். நமக்கு அடித்தண்டு போதும். மயிரைச் சுத்தமாக வழித்துவிட்டு, சைக்கிள் வால்டியூப்பைப் பொடிசாக நறுக்கி, தண்டில் மாட்டி, அதற்குள் நரம்பைச் செருக வேண்டும். ஆழத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். டீக்கடையில் செருப்புக் கட்சி ஒன்று இருக்கிறது. பழைய ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி நடுவில் ஓட்டை போட்டால் தீர்ந்தது என்பார்கள். கெளுத்திக்கு அது சரி. கெளுத்தி இழுக்கிற இழுப்புக்கு முழுச் செருப்பையே கட்டினாலும் முங்கும். கெண்டை அப்படியா? முதலில் ஒரு நடுக்கம். பிறகு ஒரு சின்னச் சாய்வு. அந்தச் சாய்வைச் செருப்பு காட்டுமா என்று கேட்டால், "நீங்க என்னத்த அண்ணாச்சி புடிச்சிய?" என்று ஒருவன் கேட்கிறான். விவாதம் தக்கையைப் பற்றி. மீனை எதற்கு இழுக்க வேண்டும்?

அடுத்தது ஈயம். டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்த்துக் கழற்றிப் போட்ட துண்டு கிடைத்தால் விடாதீர்கள். தட்டித் தகடாக்கி, கத்தரித்து, நரம்பில் சுருட்டி, வாளித் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். தக்கை நட்டமாக நிற்க வேண்டும். நுனி ஒரு நெல்லளவு மட்டும் வெளியே தெரிய வேண்டும். ஈயம் கூடினால் முங்கிவிடும், குறைந்தால் படுத்துவிடும். ஒரு சீவல் கத்தரிக்க வேண்டும், மறுபடி விட வேண்டும். விடியற்காலையில் குளியலறையில் குந்தியிருந்து இதைச் செய்துகொண்டிருந்தபோது, "வாளிக்குள்ள என்னத்தப் புடிக்கிய?" என்று மனைவியின் குரல். பின்னாலேயே மச்சினன், துண்டோடு. "சாமி, அது நான் குளிக்கிற வாளி சாமி." தக்கை அப்போதுதான் நட்டமாக நின்றது. சரணம் சொல்லிக்கொண்டே தண்ணீரைக் கொட்டிவிட்டான்.

எங்கே விட்டேன்? ஆர்வம். அந்த ஆர்வத்தைக் கெடுப்பதற்கென்றே ஆற்றுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு நீதிமன்றமே தடை போட்டது. ஆனாலும் என் முள்ளில் மாட்டுகிற உருப்படிகளில் ஷாம்பு பாக்கெட்டுக்குத்தான் முதலிடம். இரண்டாவது ஜிலேபி மீன். 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சைலஸ் என்ற மீனியல் அறிஞர் தாமிரபரணியின் பெயரையே சூட்டி ஒரு கெண்டையை உலகுக்குச் சொன்னது 1954இல். ஊர்க்காரனுக்குப் பெயர் வைப்பதற்குள் விருந்தாளி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்! சிற்றாறு போய்ச் சேர்வது அந்தத் தாமிரபரணியில்தான். நாம் கொடுத்தனுப்புவது பாக்கெட்டும் சாக்கடையும். யானைப்பாலத்தில் நின்று இதைச் சொன்னால், "மீன் வேணும்னா மார்க்கெட்ல வாங்கலாம்லா" என்று புத்தி சொல்கிறார்கள்.

தை பிறந்தால் வழி பிறக்குமாம். பிறக்கட்டும். மச்சினன் மலையிறங்குவான், தண்ணீரும் தெளியும். தை, மாசி. பங்குனியில் ஆறு வற்ற ஆரம்பித்துவிடும். சித்திரை, வைகாசியில் மணல்தான். ஆனி, ஆடியில் சாரல் விழுந்துவிட்டால் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. ஆவணியில் கூட்டம் குறைந்து, தூண்டிலை எடுத்துத் துடைப்பதற்குள் புரட்டாசி வந்துவிடும். பெருமாளுக்காக மறுபடியும் சாம்பார். ஐப்பசியில் மழை. கார்த்திகையில் மச்சினன்.

ஆகமொத்தம் ஆற்றுக்குத் தையும் மாசியும். மற்ற மாதங்களுக்கெல்லாம் தக்கைதான். அதன் நுனிக்குச் சிவப்புப் பூசுவதா, ஆரஞ்சு பூசுவதா என்ற முக்கியமான விஷயத்துக்கு நான் இன்னும் வரவே இல்லை.