ஹூட்டர் இல்லாத கண்ட்ரோல் ரூம்

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு ஒரு குணம் உண்டு. செய்கிற வேலை கொஞ்சம், அதைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஏராளம். இன்ன விநாடியில் இன்னார் வந்தார், இன்னது கேட்டார், எடுத்துக் கொடுத்தேன், போய்விட்டார் என்று ஒன்றுவிடாமல் ஒரு ஃபைலில் எழுதித் தள்ளும். அதுதான் லாக். இதை உட்கார்ந்து படிப்பதற்கு ஒருவனுக்கு மாதச் சம்பளம் உண்டு என்பதை மேல்பட்டாம்பாக்கத்தில் இன்னும் யாரும் நம்பவில்லை. மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்து 'வொர்க் ஃப்ரம் ஹோம்' செய்கிறவனை ஊர் என்ன சொல்லி அழைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு புரோகிராம், ஒரு லாக் என்றிருந்தால் தொல்லையே இல்லை. நீங்கள் ஆன்லைனில் ஒரு குக்கர் கேஸ்கெட் வாங்குகிறீர்கள். வெப் சர்வர் அதை ஒரு ஃபைலில் எழுதும். ஸ்டாக் பார்க்கிற புரோகிராம் இன்னொன்றில் எழுதும். பணம் வாங்குகிறவர் தனி, எஸ்எம்எஸ் அனுப்புகிறவர் தனி, டேட்டாபேஸ் எல்லோருக்கும் மேலே தனி. பணம் போய்விட்டது, கேஸ்கெட் வரவில்லை என்றால் இத்தனை பேர் எழுதியதையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். பார்த்தால், ஒவ்வொருவரும் 'என் வேலையை நான் முடித்துவிட்டேன்' என்றே எழுதியிருப்பார்கள்.

இதற்கு யூனிக்ஸ் காலத்திலிருந்தே டெயில் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. 'டெயில் மைனஸ் எஃப்' என்று அடித்தால் ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டிவிட்டு, புதிதாகச் சேரச் சேரக் காட்டிக்கொண்டே இருக்கும். பல ஃபைல்களைச் சேர்த்தும் கொடுக்கலாம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் அம்புக்குறி போட்டு அந்த ஃபைலின் பெயரைத் தலைப்பாகப் போடும். ஆறு ஃபைல் கொடுத்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரி திரை முழுக்கப் பெயர்தான் இருக்கும். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. நள்ளிரவில் அன்றைய லாக் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து ஓரங்கட்டிவிட்டு, பழைய பெயரில் புது ஃபைல் திறப்பது பல சர்வர்களின் வழக்கம். சின்ன எஃப் போட்டிருந்தால் டெயில் அந்தப் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திரையில் ஈ பறக்காது. எங்கள் குழுவில் ஒரு பையன், 'நைட் முழுக்க ஒரு எரர்கூட இல்லை சார்' என்று காலையில் பெருமையாக மெயில் போட்டான். பெரிய எஃப் போட்டால் பெயரைத் தொடர்ந்து புது ஃபைலுக்கு வந்துவிடும். ஒரு ஷிஃப்ட் கீயில் மானம் தொங்குகிற தொழில் இது.

அதனால்தான் நான் மல்ட்டிடெயிலுக்கு மாறினேன். ஃபோல்கர்ட் வான் ஹோஸ்டன் என்கிற நெதர்லாந்துக்காரர் எழுதியது. ஒரே டெர்மினலை 'விண்டோ' என்கிற கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு லாக்கை ஓடவிடும். வேண்டுமானால் எல்லாவற்றையும் கலந்து ஒரே கட்டத்திலும் ஓட்டலாம், ஆளுக்கொரு கலர் கொடுத்து. என்டர் தட்டினால் நேரத்தோடு ஒரு கோடு விழும். 'இதுவரை பார்த்தாயிற்று' என்பதற்கு அடையாளம். என் மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக ஓடும். தெருவில் போகிறவர்கள் சீரியல் செட் போட்டிருப்பதாக நினைத்திருக்கலாம்.

அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மாமா மேலே வந்தார். நெய்வேலி செகண்ட் தெர்மலில் கண்ட்ரோல் ரூமில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஏழு யூனிட், ஒவ்வொன்றும் 210 மெகாவாட், மொத்தம் 1470. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தாலும் ஷிப்டுக்குப் போன உடம்பு ராத்திரி தூங்காது.

"என்ன மாப்ள, ராத்திரி பூரா இதத்தான் பாக்கறீங்களா?"

"ஆமா மாமா."

"இதுல எது அலாரம்?"

சிவப்பாக ஓடிய ஒரு வரியைக் காட்டினேன்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் தகவல் மாமா. எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்லுது."

"சரியா நடக்கறத எதுக்குச் சொல்லணும்?"

இந்தத் தொழிலில் இத்தனை வருஷமாக யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர்களுக்கும் 'விண்டோ' உண்டாம். பேனல் மேலே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம் எழுதியிருக்கும். பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் இறங்கினால் அந்தக் கட்டம் மட்டும் மினுக்கும், ஹூட்டர் கத்தும். ஆபரேட்டர் எழுந்து போய் 'அக்னாலெட்ஜ்' பட்டனை அமுக்கினால்தான் சத்தம் நிற்கும், மினுக்கல் நின்று விளக்கு எரியும். கோளாறு சரியான பிறகுதான் விளக்கு அணையும். மற்ற நேரமெல்லாம் பேனல் இருட்டு. இருட்டாக இருந்தால் யூனிட் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். என் திரை இருட்டாக இருந்தால் நெட் போய்விட்டது என்று அர்த்தம்.

அவர் சொன்னதில் என்னை அசைத்தது வேறு. யூனிட் டிரிப் ஆனால் விண்டோ எல்லாம் ஒட்டுமொத்தமாக வந்துவிடுமாம். பாய்லர் நிற்கும், அதனால் டர்பைன் நிற்கும், அதனால் ஜெனரேட்டர் நிற்கும், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மினுக்கும். "அதுல எது மொதல்ல வந்துச்சுங்கறதுதான் மாப்ள விஷயம். மத்ததெல்லாம் அதப் பாத்து அழுவுறது." அதற்காகவே எது முதல், எது அடுத்தது என்று மில்லி விநாடிக் கணக்கில் குறித்துவைக்கிற கருவி தனியாக இருக்கிறது. அதன் உயிரே எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம் என்பதில்தான்.

எங்கள் கடிகாரத்தின் லட்சணம்: இரண்டு சர்வர் இந்திய நேரத்தில் எழுதும், மூன்றாவது உலகப் பொது நேரமான யூடிசியில். மத்தியானம் இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் விழுந்தால், பணம் வாங்குகிற புரோகிராம் காலை எட்டரைக்கே அதற்காக ஒப்பாரி வைத்ததாகப் பதிவாகியிருக்கும். மல்ட்டிடெயில் வரிகளை வந்து சேர்ந்த வரிசையில் காட்டுமே தவிர, நடந்த வரிசையில் அல்ல. டிம் ஸ்டாக் எழுதிய எல்நாவ் என்கிற புரோகிராம் வரியிலுள்ள நேரத்தைப் படித்து அதன்படி வரிசைப்படுத்திக் கோத்துத் தரும். அதற்கும் நேரம் எந்த ஊர் நேரம் என்று யாராவது ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும்.

அலாரம் அளவுக்கு மீறினால் அலாரமே இல்லாத மாதிரிதான் என்கிற பாடத்தைக் கண்ட்ரோல் ரூம்காரர்கள் ரொம்ப விலை கொடுத்துப் படித்தவர்கள். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில் முதல் சில நிமிஷங்களிலேயே நூற்றுக்கும் மேல் அலாரம். அவற்றை அச்சடித்த பிரிண்டர் ஒரு கட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. 1994-ல் பிரிட்டனில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில், வெடிப்புக்கு முந்தைய 11 நிமிஷத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம். அதற்குப் பிறகு 1999-ல் அங்கே ஒரு வழிகாட்டி போட்டார்கள்: சாதாரண ஓட்டத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் உத்தமம். என் ஜன்னலில் பத்து நிமிஷத்தில் ஓடுவதை அச்சடித்தால் சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைக்கலாம்.

மாமாவுக்கு என் செட்டப்பில் பிடித்தது அந்த என்டர் கோடு ஒன்றுதான். "ஷிப்ட் மாத்தறப்ப நாங்களும் லாக் புக்ல கோடு போட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்" என்றார். ஹூட்டர் இல்லாதது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. மல்ட்டிடெயிலில் அதற்கும் வழி உண்டு. குறிப்பிட்ட வார்த்தை வந்தால் வேறொரு கமாண்டை ஓட்டச் சொல்லலாம். மாமாவே கேட்டுக் கேட்டு ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்தார். 'எரர்' என்ற வார்த்தை வந்தால் அது கத்தும் என்று வைத்தோம். 'எரர் எதுவும் இல்லை' என்று எழுதுகிற புரோகிராமும் உலகத்தில் இருக்கிறது என்பது அன்றைக்கு ராத்திரி தெருவுக்கே தெரிந்தது.

கீழேயிருந்து அத்தை போட்ட உத்தரவு பிரிட்டிஷ் வழிகாட்டியைவிடக் கறார்: ராத்திரிக்கு ஒன்று. அதுவும் அவசியமென்றால். அந்தக் கணக்குக்குள் அடங்க நானும் மாமாவும் ஒவ்வொரு வரியாக வைத்து, 'இது வந்தால் நீங்க எழுந்து போய் என்ன செய்வீங்க மாப்ள?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக் கழித்தோம். பதில் இல்லாததெல்லாம் வெளியே. கடைசியில் கத்துவதற்கு உரிமையுள்ளவை இரண்டே இரண்டுதான்: பணம் பிடித்து ஆர்டர் பதிவாகாதது, டேட்டாபேஸ் விழுந்தது. மற்றவை ஓடட்டும், விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாமாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இப்போது மோட்டார் ரூமில் அட்டையில் கிளிப் போட்டு ஒரு லாக் ஷீட் தொங்குகிறது. மணிக்கு மணி வோல்டேஜ், தொட்டி மட்டம், இன்வெர்ட்டர் நிலவரம். போன வாரம் மேல்தொட்டி நிரம்பி மாடிப்படி வரை வழிந்தது. எத்தனை மணிக்கு நிரம்பியது, எத்தனை மணிக்கு வழிய ஆரம்பித்தது எல்லாம் அதில் நிமிஷ சுத்தமாக, நீலப் பேனாவில், கையெழுத்தோடு இருக்கிறது. மோட்டாரை நிறுத்தியது அத்தை.