கள்ளப் பாஸ்

வா மருமகனே, குந்து. துறைமுகக் காத்து வாங்க வந்தியோ, என்ர வெத்திலைத் தட்டத்தை மணந்து வந்தியோ? வாய் சிவந்திருக்கிற வடிவுக்குப் பொம்பிளை வீட்டார் வரிசையில நிப்பினம்! பாக்கு, சுண்ணாம்பு, மேல யாழ்ப்பாணப் பொயிலைத் துண்டு. கடவாயில அடக்கிப்போட்டு, "மாமா, கரைவலை இழுக்க உசார் வருகுது" எண்டுறாய். வரும்தான். ஆற்ற உசார் அது?

பொயிலைச்செடி வேரில நிக்கொட்டினைக் காய்ச்சி இலைக்கு ஏத்துறது உனக்காக இல்லை, கடிக்க வாற பூச்சிக்காக. தோட்டக்காரர் பொயிலைக் காம்பு ஊறின தண்ணியைத்தானே பூச்சிக்கு அடிச்சவை. பூச்சி ஓடுது, நீ காசு குடுத்துச் சப்புறாய். கெட்டிக்காரன்!

அந்த உசார் எங்கயிருந்து வருகுதெண்டு கேள். சிறுநீரகத்துக்கு மேல அதிரினல் சுரப்பி குந்தியிருக்கு. அதின்ர நடுக் கலங்களுக்குள்ள குட்டிக் குட்டிப் பையளில அதிரினலீன் அடைச்சுக் கிடக்கும். நரம்பு அசற்றைல்கோலினை அனுப்பினா, கலத்தின் மேல நிக்கிற வாங்கி திறந்து சோடியத்தை விடும், பின்னால கல்சியமும் உள்ள வரும், பை வாய் திறந்து அதிரினலீன் இரத்தத்தில கலக்கும். நெஞ்சு அடிக்கும், ஈரல் சீனியை அவிழ்த்துவிடும். விசர்நாய் துரத்தேக்க நடக்க வேண்டிய வேலை அது. நிக்கொட்டினோ டொக்யாட் வாசலில கள்ளப் பாஸ் காட்டிற ஆள். வாங்கிக்கு வித்தியாசம் தெரியாது, திறந்துவிடும். உண்மையான பாஸ்காரன் உடனே கரைஞ்சு போவான். இவன் போகான். கனநேரம் நிண்டால் வாங்கி மரத்துப்போகும். பிறகு இன்னொரு துண்டு கேட்பாய்.

சுண்ணாம்பு சும்மா கிடக்குதெண்டு நினையாதை. அதுதான் நிக்கொட்டினைக் கன்னத்துக்குள்ளால கெதியா ஏத்துது. பாக்கில இருக்கிற அரிக்கோலினுக்கு வேற வாங்கி. எச்சிலும் வேர்வையும் அதின்ர உபயம்.

1905இல கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி லாங்லி கோழித் தசையில நிக்கொட்டின் விட்டுப் பார்த்துத்தான், கலத்தில இப்பிடி வாங்குற பொருளொண்டு இருக்க வேணுமெண்டு சொன்னவர். கோழிக்கு விளங்கினது மருமகனுக்கு விளங்காமப் போகுமோ?

என்னடா, என்ர தட்டத்தைப் பார்க்கிறாய்? கிழவன் சப்புறான் எண்டோ? அதில இப்ப இருக்கிறது ஏலக்காயும் கராம்பும்தான். பொயிலை இல்லாத வெத்திலைக் கூட்டும் புற்றுநோய் தருமெண்டு 2004இலயே சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் எழுதிப்போட்டுது. இலங்கை ஆம்பிளையளுக்குக் கூடுதலா வாறது வாய்ப் புற்றுநோய். கன்னத்துக்குள்ள வெள்ளைப் படை இருக்கோ எண்டு நாளைக்கே பெரியாஸ்பத்திரிப் பல் டொக்டரிட்டக் காட்டு. போகமுதல் கொப்பளிச்சுப்போட்டுப் போ.