பாதிக் கச்சேரி கேட்பது எப்படி?

முழுக் கச்சேரி கேட்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் தேவையில்லை. மயிலாப்பூரில் வீடும் சபாவில் சீசன் டிக்கெட்டும் இருந்தால் கைக்குழந்தைகூடக் கேட்டுவிடும். அறந்தாங்கியில் குடியிருந்துகொண்டு புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் நடக்கிற கச்சேரியைக் கேட்டு, கடைசி பஸ்ஸையும் பிடித்து, ராத்திரிச் சோறு ஆறுவதற்குள் வீடு வந்து சேர்வதுதான் வித்தை. அதில் எனக்கு இருபது வருட அனுபவம். இந்த இருபது வருடத்தில் வெளியூர்க் கச்சேரி ஒன்றில்கூட மங்களம் என் காதில் விழுந்ததில்லை என்பதையே தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பருவம். மேல்நாட்டு ரசிகர்கள் இலையுதிர் காலத்தில் ஊர் ஊராகக் கச்சேரி கேட்கப் போவார்களாம். நமக்கு இலை உதிர்வது மாசி, பங்குனியில். அப்போது நாதஸ்வரக்காரர்களைத் திருவிழாக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை தமிழ்க் கணக்கில் கூதிர் காலம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், ரோட்டில் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாது, ஈரத்தில் தோல் வாத்தியமெல்லாம் தொய்ந்துபோய்ச் சொன்ன பேச்சைக் கேட்காது. அறிவுள்ளவன் வீட்டில் இருப்பான். ஆகவே நாம் கிளம்புகிறோம். உதாரணங்களை எல்லாம் 2018-ஆம் வருடத்துக் கூதிரிலிருந்தே தருகிறேன். அந்த வருடம் ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: ஒரு பாலிதீன் பை (தலைக்கு), இன்னொரு பாலிதீன் பை (செருப்புக்கு), சில்லறை. குடை வேண்டாம்; அவசரத்தில் எழுந்து ஓடுகிறவன் குடையை நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டுத்தான் வருவான். புதுக்கோட்டையில் மட்டும் நான் நான்கு குடை தானம் செய்திருக்கிறேன். முக்கியமானது கைக்கடிகாரம். போனை எடுத்து மணி பார்த்தால் அந்த வெளிச்சத்தில் உங்கள் முகம் மேடைக்குத் தெரியும். கடிகாரத்தை வலது மணிக்கட்டில், உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு தொடையில் தாளம் போடுங்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு வீச்சு. கை மல்லாக்கத் திரும்பும்போதெல்லாம் மணி தெரியும். பக்கத்தில் இருப்பவர் உங்களைப் பெரிய லய ஞானஸ்தன் என்று நினைத்துக்கொள்வார். அதைத் திருத்த வேண்டியதில்லை.

உட்காருகிற இடம் ஓரம். முன்வரிசை விழாக் கமிட்டிக்காரர்களுடையது. அவர்கள் வராவிட்டாலும் அவர்களுடையதுதான். தூணோரம் நல்லது. அதைவிட நல்லது கைக்குழந்தைக்காரி பக்கம். குழந்தை எப்படியும் ஒன்பது மணிக்கு அழும். அந்த அம்மாள் எழும்போது கூடவே எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு போகிற மாமா மாதிரி பின்னாலேயே வெளியேறிவிடலாம்.

இனி உயிர்நாடியான விஷயம்: எந்த இடத்தில் எழுவது? இதில் நமக்கு ஒரு பக்கத்து ஊர்க்காரர் பெரிய உபகாரம் செய்துவைத்திருக்கிறார். இன்றைக்கு மேடையில் கேட்கிற வரிசை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகள் சில பாடி, நடுவில் பெரிய உருப்படி ஒன்றை விஸ்தாரமாக எடுத்து, தனி ஆவர்த்தனம் விட்டு, அப்புறம் துக்கடா, மங்களம் என்று முடிக்கிற பந்தி முறை, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநாட்டியது என்று சொல்வார்கள். அரியக்குடி காரைக்குடிக்குப் பக்கம். நம் ஊரிலிருந்து ஒரு கூப்பாடு தூரம். சாப்பாட்டின் கனமான பகுதியை நடுவிலேயே பரிமாறிவிட்டு மோருக்கும் வாழைப்பழத்துக்கும் பிறகு நேரம் ஒதுக்கியவர், பஸ்ஸுக்குப் போகிறவனின் அவஸ்தை தெரிந்த மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். பெரிய உருப்படி முடிந்து, பாடகர் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பித் தலையை அசைப்பார். அதுதான் நமக்கும் கொடி அசைப்பது.

ஆனால் புதுக்கோட்டையில் மட்டும் அப்படி எழ முடியாது. மற்ற ஊர்களில் தனி ஆவர்த்தனம் என்றால் காபி குடிக்கிற நேரம். புதுக்கோட்டை லயத்துக்குப் பேர்போன மண். பஜனை மடத்தில் கிடந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றி உட்காரவைத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் அரசாண்டவர். அந்த ஊரில் தனி தொடங்குகிற நேரத்தில் எழுந்து போவது, திருநெல்வேலியில் அல்வாவை வேண்டாம் என்று சொல்வது மாதிரி. அந்த வருடம் நவராத்திரிக் கச்சேரி ஒன்றில் நான் எழுந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் வேட்டி நுனியைப் பிடித்தார். “தம்பி, இனிமேதானே கச்சேரி?” என்றார். “அறந்தாங்கிங்கய்யா” என்றேன். கையை விட்டுவிட்டார். சாவு வீட்டிலிருந்து வந்தவனைப் பார்க்கிற பார்வை பார்த்தார். மிருதங்கத்துக்கும் கஞ்சிராவுக்கும் கோர்வை ஓடிக்கொண்டிருக்க நான் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினேன். அந்தக் கோர்வை எந்த இடத்தில் சமத்தில் வந்து விழுந்தது என்பது ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. திருவரங்குளம் தாண்டும்போது சரியாக விழுந்தது.

மனசு உறுத்துகிறவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. குடுமியான்மலைக்குப் போங்கள். குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதியாகச் சுரங்களையே வெட்டி வைத்திருக்கிறார்கள். பாதியில் எழுந்து வந்தாலும் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். பக்கவாத்தியம் மட்டும் இல்லை.

தஞ்சாவூர் மேல்நிலைப் பாடம். ஐப்பசி சதயம் ராஜராஜனுக்குப் பிறந்த நாள். பெரிய கோயிலில் ஓதுவார்கள் திருமுறை பாட, மேளம் முழங்க, விழா நடக்கும். பட்டுக்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். அங்கே கல்வெட்டில் அந்த மனிதன் செய்திருக்கிற ஏற்பாட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பாடுகிறவனுக்குச் சோறு போட்டு ஊரிலேயே வைத்துக்கொண்ட ராஜா, கேட்கிறவனுக்கு ஒரு ராத்திரி வண்டி விட யோசிக்கவில்லை. அதற்குத் தண்டனையோ என்னவோ, அவனுடைய செப்புத் திருமேனியும் அவன் அரசி லோகமாதேவியின் திருமேனியும் எப்போதோ கோயிலை விட்டுப் போய், அகமதாபாத்தில் கிடந்து, 2018-இல்தான் ஊர் திரும்பின. அத்தனை வருடம் பஸ் கிடைக்காமல் நின்றவர்களைப் பார்த்த பிறகு என் கோபம் தணிந்துவிட்டது. தேவாரத்தில் ஒரு பதிகம் முழுதாகக் கேட்டேன். ஓதுவார் இரண்டாவது பதிகத்துக்குச் சுருதி பிடிக்கும்போது நான் கேரளாந்தகன் வாசலைத் தாண்டியிருந்தேன்.

கல்யாணக் கச்சேரியை இளப்பமாக நினைக்க வேண்டாம். தீபாவளி கழிந்ததும் ஐப்பசி முகூர்த்தம் வரும்; நம் ஊர் மண்டபத்திலேயே நாதஸ்வரம், தவில், டிக்கெட் கிடையாது, பந்தி உண்டு. பத்திரிகை வராத கல்யாணத்துக்கும் போகலாம். இரண்டு வீட்டாரும் உங்களை எதிர்வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே தொல்லை, இங்கே பாதியில் எழுவது நாம் அல்ல, ராகம். தவில்காரர் பலாக்கட்டைத் தவிலை மடியில் அணைத்து, விரலில் கூடு மாட்டி, பூவரசங்குச்சியால் தொப்பியில் ஒரு நடையை மெல்லக் கட்டிக்கொண்டு வருவார். நாதஸ்வரத்தில் தோடி கனிந்து வரும். அப்போது ஐயர் ஆள்காட்டி விரலை ஆட்டுவார்: கெட்டி மேளம்! தோடி செத்தது. தாலி ஏறியது. நான் பார்த்தவரை மாப்பிள்ளை தவிர வேறு யாரும் அந்தத் தோடிக்காக வருத்தப்படவில்லை. அவர் வருத்தமும் தோடிக்காகத்தானா என்று தெரியாது.

இப்படிப் பாதி பாதியாகக் கேட்டு என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். ஆவுடையார்கோயில் நமக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அங்கே ஆத்மநாதருக்குப் புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடப் படைகல்லில் கொட்டுவார்கள். கீரையும் பாகற்காயும் உண்டு. சோறு சுவாமிக்கு இல்லை, அதிலிருந்து எழுகிற ஆவிதான் நைவேத்தியம். மாணிக்கவாசகரை உருக்கிய சாமிக்கே ஆவி போதுமென்றால், மூன்றாம் நம்பர் தூணோரம் உட்கார்ந்த எனக்குக் கச்சேரியின் ஆவி போதாதா? இந்தச் சமாதானம் பஸ்ஸில் நன்றாக வேலை செய்யும். வீட்டுக்கு வந்து படுத்தபின் செய்யாது.

நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் பக்கம் வந்தது. வழிகாட்டி நூலில் இதற்கு அத்தியாயம் கிடையாது. வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எத்தனை தவிலுக்கு ஆகும் என்று ஒரு நொடி மனசில் ஓடியது, ஓடியதற்காக வெட்கப்பட்டேன். ஒரு பலா விழுந்தால் ஒரு வீட்டுப் பெண்ணின் கல்யாணச் செலவு விழுந்தது என்று அர்த்தம். கரண்ட் கம்பங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ரோட்டில் மரம், பஸ் இல்லை. ராத்திரியில் தவளையும் கிணற்றடி வாளியும் தவிரச் சத்தமே இல்லாத ஊரை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் கார்த்திகை முதல் தேதி. மாலை போடுகிற நாள். புயலுக்காக ஐயப்பனை ஒத்திப்போட முடியாது என்று குருசாமி சொல்லிவிட்டார். என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுத் திண்ணையில் பஜனை. ரேடியோ செட் இல்லை, மைக் இல்லை, டியூப் லைட் இல்லை; இரண்டு குத்துவிளக்கு, ஒரு அரிக்கேன். வருடா வருடம் இந்தப் பஜனையில் கூம்புக்குழாய் அலறுகிற அலறலில் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். அன்று போய் உட்கார்ந்தேன். ஒரு சாமி கஞ்சிராவை எடுத்தார். உடும்புத்தோல் காலம் போய்விட்டது, சட்டம் விடாது, இது ஆட்டுத்தோல். ஈரத்தில் தொளதொளவென்று இருந்தது. விளக்குச் சூட்டில் காட்டிக் காட்டித் திருப்பினார், ஒரு தட்டு தட்டிப் பார்த்தார், மறுபடி காட்டினார். தோல் இறுகியதும் அந்த ஒற்றைச் சதங்கை கிணுகிணுத்தது. மைக் வழியாக வராத கஞ்சிராவை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை கேட்டதில்லை. இடது கை விரல்கள் தோலின் ஓரத்தை அமுக்க, சத்தம் ஒருமுறை உள்ளுக்குள் வளைந்து எழுந்தது. மான்பூண்டியா பிள்ளை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனது இதைத்தான், இந்தத் திண்ணை மாதிரி ஒன்றிலிருந்துதான். சரணம் போடுகிறவர்கள் தொண்டை கட்டிய குரலில் போட்டார்கள். தாளம் தப்பியது, கஞ்சிரா போய் அதை அழைத்துக்கொண்டு வந்தது. என் கையும் தானாகத் தொடையில் போட ஆரம்பித்தது. வலது மணிக்கட்டில் கடிகாரம்.

வீச்சில் கை திரும்பியது. ஒன்பது இருபது. எழுந்தேன். இருட்டில் செருப்பைக் காலால் துழாவினேன்.

“என்ன சாமி, கெளம்பிட்டீங்க?” என்றார் குருசாமி.

“கடைசி பஸ்ஸு சாமி.”

கஞ்சிராக்காரர் கையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஊருக்கு சாமி?” என்றார்.